எங்கள் சலவைத் தூள் பற்றி வெள்ளவத்தை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களே,

"தூளில் நொதியமே இல்லை, வெறும் சோப்புத்தூளைக் கட்டி விற்கினம்" என்று இரண்டு கிழமையாக வட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓடுகிறது. வருசக்கணக்காக எங்களிடம் வாங்குபவர்களும் அதை அனுப்பியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது மனம் நொந்துவிட்டது. நொதியம் என்பது கறையை வெட்டிக் கழற்றும் என்சைம். அதைப் போடாமல் ஒரு பை கூட நாங்கள் கட்டியதில்லை. இதை எந்த வீட்டு வாசலிலும் வந்து நின்று சொல்வோம்.

பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் இரத்தக் கறையும் பால் கறையும் போகவில்லை என்பது உண்மைதான். முறையிட்ட வீடுகளில் விசாரித்தோம். அநேகமானோர் ஒட்சிசன் வகை வெளிற்றும் தூளையும் எங்கள் தூளோடு ஒரே வாளியில் போட்டு ஊறவைத்திருந்தார்கள்.

நாங்கள் போடுவது சப்டிலிசின், பசிலசு பற்றீரியா வெளிவிடும், புரதத்தை வெட்டும் நொதியம். புரதங்களைக் கட்டும் சின்னத் துண்டுகளான அமினோவமிலங்கள் ஏறத்தாழ 275 கோத்த சங்கிலி அது. வெட்டு நடப்பதோ ஒரு சின்னப் பள்ளத்தில். 221ஆம் இடத்தில் இருக்கும் செரீன் என்ற அமினோவமிலம் கறைப் புரதத்தைத் தாக்கும். செரீன் விடும் புரோத்தனை (ஐதரசன் அயனை) 64ஆம் இடத்து ஹிஸ்டிடின் வாங்கிக்கொள்ளும். 32ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் ஹிஸ்டிடினைச் சரியான திசையில் பிடித்திருக்கும். செரீன் இருந்த இடத்தில் அலனீனை வைத்துப் பார்த்தபோது வேகம் பத்து இலட்சம் மடங்குக்கும் மேலாக விழுந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் பள்ளத்தை உயிர்ப்பு மையம் என்று சொல்லும்.

செரீனுக்கு அடுத்த 222ஆம் இடத்தில் மெதியோனின் இருக்கிறது. அது வெட்டுவதில்லை. ஆனால் வெளிற்றும் தூள் தண்ணீரில் விடும் ஐதரசன் பேரொட்சைட்டு அதன் கந்தகத்தில் ஒட்சிசனை ஏற்றிவிடும். அந்த ஒட்சிசன் செரீனுக்குப் பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொள்ள, வேலை படுத்துவிடும். வாளியில் நொதியம் இருந்தது, வெட்டத்தான் முடியவில்லை.

1985இல் வெளிவந்த ஆய்வொன்றில் 222ஆம் இடத்தில் மற்ற 19 அமினோவமிலங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். சிஸ்டீன் வைத்தது நன்றாக வெட்டியது, பேரொட்சைட்டில் கெட்டது. அலனீன், செரீன், லியூசின் வைத்தவை வேகத்தில் குறைந்தாலும் தாங்கி நின்றன. அப்படி மெதியோனினை மாற்றிய நொதியத்தையே இனி எடுக்கிறோம். விலை கூடிய சரக்கு. பையின் விலையை ஏற்றவில்லை, நிறையை மட்டும் 900 கிராமாகக் குறைத்திருக்கிறோம்.

குளோறீன் நீரை இதனுடனும் கலக்க வேண்டாம். பட்டுச்சீலைக்கும் கம்பளிக்கும் போட வேண்டாம், அவையும் புரதம். கறிக்குப் போடும் மஞ்சளின் கறை புரதமல்ல, அதை இந்த நொதியம் தொடாது.

2022இல் சரக்கு வராத மாதங்களிலும் வேறு கடைக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை, உங்களுக்கு என்றும் நன்றி. மிச்சமிருக்கும் பழைய பையைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், பாதி முடிந்திருந்தாலும் புதிய பை தருவோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
காலி வீதி, வெள்ளவத்தை, கொழும்பு 6