அக்கா மகன் விஷயமா

மச்சான் சேகரு,

எப்படிடா இருக்க? ஜோகூர் பாருல வீட்டு வாடகைய மறுபடி ஏத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இங்க ஈப்போல அம்மாவுக்கு முட்டி வலி, மத்தபடி ஓகே. அக்கா மகன் என்ன பண்றான்னு கேட்டிருந்தல்ல, போன்ல பேசினா அக்கா காதுல விழும், அதான் எழுதுறேன்.

தம்பின்னு நாம கூப்பிடுற அவனுக்கு 21 ஆச்சு. ஓகேயூ கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அட்டை, இருக்கு. எழுத்துக் கூட்டிப் படிப்பான், கார் நல்லா கழுவுவான், ஆனா சில்லறை எண்ண வராது, திட்டிடுவாங்களேன்னு பயந்து யாரு என்ன கேட்டாலும் ஆமான்னு தலையாட்டிடுவான். இப்ப எவனோ ஒரு கூட்டாளி சிங்கப்பூர்ல கார் கழுவுற வேல இருக்கு வாடான்னு கூப்பிடுறானாம். அன்னைலேர்ந்து அக்கா தூங்கல. சிங்கப்பூர்ல போதைப்பொருள் கேஸ்ல தூக்குல போட்டாங்களே நாகேந்திரன், அந்த நெனப்புதான் அதுக்கு. அவன் நம்ம பக்கத்து தஞ்சோங் ரம்புத்தான் பையன்ல. சின்ன வயசுல எவனாச்சும் ஒளறினா 'உன்ன தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டு விடணும்டா'ன்னு கிண்டல் பண்ணுவோமே, அங்க மனநல ஆஸ்பத்திரி இருக்கறதால. இப்ப அந்த ஊர் பேர சொல்லி யாரும் சிரிச்சா எனக்கு எரிச்சலா வருது.

2009ல சிங்கப்பூர் எல்லையில உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல நாகேந்திரன புடிச்சப்ப அவனுக்கும் கிட்டத்தட்ட தம்பி வயசுதான். தொடையில கட்டியிருந்த பொட்டலத்துல 42.72 கிராம் ஹெராயின், அங்க 15 கிராம் தாண்டினாலே தூக்கு. ஐக்யூ 69னு ரிப்போர்ட். 2010ல தண்டனை குடுத்தாங்க, அப்புறம் சட்டத்த கொஞ்சம் தளர்த்தினாங்க, வெறும் பொட்டலம் தூக்கிட்டு வந்தவனா இருந்து மனநிலை பாதிப்பால யோசிக்கிற சக்தி ரொம்ப கொறஞ்சிருந்தா ஆயுள் தண்டனைன்னு. அதுலயாச்சும் தப்பிப்பான்னு பாத்தா, 2019 அப்பீல்லயும் முடியாதுன்னுட்டாங்க. அறிவு கம்மிதான், ஆனா என்ன செய்யறோம்னு தெரிஞ்சேதான் செஞ்சானாம். சோதனை போட வந்தவங்ககிட்ட 'நான் செக்யூரிட்டில வேல பாக்கறேன்'னு சொல்லி தப்பிக்க பாத்தான்ல, அதையும் அவனுக்கு எதிராவே எடுத்துக்கிட்டாங்க.

மச்சான், போன வாரம் நம்ம தம்பி கண்ணாடி கிளாஸ ஒடைச்சிட்டு, துண்டையெல்லாம் பாய்க்கு அடியில தள்ளி அது மேலயே உக்காந்திருந்தான், தொடையில ரத்தம். தப்புன்னு அவனுக்கும் தெரியும்தான், மறைக்கவும் தெரியும். ஆனா ஒருத்தன் அதட்டி 'இத எடுத்துட்டுப் போடா'ன்னா மாட்டேன்னு சொல்ல அவனுக்கு வராது, பின்னால என்ன ஆகும்னு யோசிக்கவும் வராது. இத எந்த டாக்டர் எப்படி அளந்து கோர்ட்டுல எழுதிக் குடுப்பாரு?

2022 ஏப்ரல் 27 விடியக்காலைல நாகேந்திரன சாங்கி ஜெயில்ல தூக்குல போட்டாங்க. மொத நாள் கோர்ட்டுல வீட்டு ஆளுங்க கையப் பிடிக்கணும்னு அவன் கேட்டான், கண்ணாடி இடுக்கு வழியா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அக்கா அந்த செய்திய மட்டும் படிக்கவே மாட்டேங்குது. 2023ல நம்ம நாட்டுல கட்டாயத் தூக்கு தண்டனைய எடுத்தாச்சு, ஆனா சிங்கப்பூர் போற பாலத்துக்கு அந்தப் பக்கம் அவங்க சட்டம்தான.

நீ தினமும் பைக்ல அந்தப் பாலத்தத் தாண்டித்தான வேலைக்குப் போற? அந்தக் கூட்டாளி யாருன்னு ஜோகூர் பாருல கொஞ்சம் விசாரிச்சுப் பாரு. எல்லாம் சரின்னா தம்பிய உன் கூடவே கூட்டிட்டுப் போ, சேகர் மாமா சொன்னா கேப்பான். ஆனா கெளம்பறதுக்கு முன்னால அவன் பைய நீயே ஒருவாட்டி தொறந்து பாத்துடு, பாக்கெட்டையும். கோச்சுக்க மாட்டான்.

உன்
முருகன்