உக்கிய இரும்பின் மேல் தகரம் ஒட்டாதீர்கள்: மலையகத்து டிங்கரிங் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாஸ்மாருக்கு,

ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா, பண்டாரவளை என்று ஊருக்கு ஊர் கராஜ் வைத்துப் பழைய கார்களின் பொடியை, அதாவது உடற்கூட்டை, தட்டி நிமிர்த்தித் தரும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். உங்கள் கைத்திறனை ஐம்பது ஆண்டுகளாக அருகில் நின்று பார்த்தவன் நான். அந்த மதிப்போடுதான் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. '1 ஸ்ரீ' இலக்கத் தகடு கொண்டது. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, ஊர் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அதே தோட்டத்தில் கிளார்க்கராக இருந்த என் தந்தை வாங்கினார். என் தங்கையைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதும் தந்தையின் கடைசிப் பயணமும் அதில்தான். அதை விற்கச் சொன்ன எவருக்கும் நான் பதில் சொன்னதில்லை.

சென்ற மழைக்காலத்தில் மனைவியோடும் பேத்தியோடும் கினிகத்தேனை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தியதும் பின்பக்கம் மடார் என்று ஒரு சத்தம். நான் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. கார் தானாக வலப்பக்கம் திரும்பி, எதிர்ப்பக்கப் பாதையைக் கடந்து, மண்மேட்டில் முட்டி நின்றது. அந்த நேரத்தில் எதிரே பஸ் எதுவும் வரவில்லை. பேத்தி அழக்கூட இல்லை. என் சட்டையைப் பிடித்த பிடியை வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

இடப்பக்கப் பின் ஸ்பிரிங்கின் முன்முனையைத் தாங்கும் ஹெங்கர், பின் இருக்கைக்குக் கீழேயிருந்து பிய்ந்து வந்திருந்தது. பிடிப்பை இழந்த பின் அச்சின் ஒரு முனை பிரேக் விழுந்ததும் பின்னால் போய்விட்டது. பின்சக்கரங்கள் ஒரு திசையிலும் முன்சக்கரங்கள் இன்னொரு திசையிலும் ஓடின.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தக் காருக்கு 'முழு டிங்கரிங்' செய்திருந்தேன். எந்த கராஜில் என்று சொல்லப்போவதில்லை. அடிப்பகுதியில், துருப் பிடிக்காதிருக்கப் பூசும் கரிய அண்டர்சீல் தடிப்பாகப் பூசப்பட்டிருந்தது. அதைச் சுரண்டினால் ஒரு தகரம், அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே எண்ணெய்ப் பீப்பாயில் வெட்டிய மூன்றாவது தகரம்; பீப்பாயின் எழுத்துகள்கூட அழியாமல் இருந்தன. அதற்குள்ளே, காரோடு பிறந்த இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கைப்பிடி செந்தூள். தகரங்களைப் பித்தளை உருக்கி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய விளிம்பே உக்கிப்போன இரும்பு என்றால் எதை எது தாங்கும்?

லயத்துக் கூரையில் ஓட்டை விழுந்தால் தார் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது ஒரு மழைக்குத் தாங்கும். கூரை ஒழுகினால் சட்டியை வைத்துச் சமாளிக்கலாம். காரின் அடிப்பெட்டி உக்கினால் வைப்பதற்குச் சட்டி கிடையாது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொரிஸ் மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோல், பாரத்தைத் தாங்கும் தனிச் சேசிஸ் சட்டகம் கிடையாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காரில் பொடியேதான் சேசிஸ். முன்னும் பின்னும் உள்ள மட்கார்ட்கள் போல்ட் போட்டு மாட்டியவை. அவை எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. அவற்றில் ஓட்டை இருந்தால் ஒட்டுங்கள், பட்டி என்ற நிரப்புப் பசையை வையுங்கள், எனக்கு வருத்தமில்லை. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் பெட்டி, முன் இருக்கைக்குக் கீழே செல்லும் குறுக்குச் சட்டம், முன்னால் நீளும் சேசிஸ் கால்கள், பின் ஸ்பிரிங் ஹெங்கர்கள் ஆகியவை வேறு. வீட்டுக்கு விட்டமும் தூணும் எப்படியோ காருக்கு அவை அப்படி. அங்கே பட்டிக்கு வேலையே இல்லை.

நம் மலையில் அவை ஏன் இவ்வளவு விரைவாக உக்குகின்றன என்பதையும் நினைத்துப்பாருங்கள். கடற்கரையின் உப்புக்காற்று இங்கே இல்லை. ஆனால் மேற்குச் சரிவில் மே மாதம் தொடங்கும் மழை செப்டெம்பர் வரை விடுவதில்லை. அது ஓய்ந்தால் பனிமூட்டம். தோட்டத்துப் பாதையின் சேறு ஹெங்கர் மூலைகளில் அப்பி, காயாமல் கிடக்கிறது. பல தோட்டத்துக் கார்களின் டிக்கியில் ஒருகாலத்தில் உர மூட்டைகள் ஏறியிருக்கின்றன. சிந்திய அமோனியம் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். சில் பெட்டிக்குள் புகும் நீர் வடிவதற்கென்று அடியில் சிறு துளைகள் இருக்கின்றன. அண்டர்சீல் பூசும்போது அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். பெட்டி அன்றிலிருந்து உள்ளே இருந்து அழுகத் தொடங்குகிறது. வெளியே பெயின்ட் பளபளக்கிறது.

இப்போது என் கார் மீண்டும் பிரிக்கப்பட்டிருக்கிறது. வேலை செய்பவர் உங்களில் ஒருவர், இளையவர். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் மனதில் பதிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதல் நாள் முழுவதும் அவர் எதையும் வெட்டவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தார். நல்ல இரும்பு கணீர் என்றது, உக்கியது மொத்தென்றது. ஜக் வைத்துத் தூக்கியபோது கதவின் பின்விளிம்பில் இருந்த இடைவெளி சுருங்கியது. அதைக் கண்டதுமே "ஐயா, உள்ளே ஒன்றும் இல்லை" என்றார். பிறகு பெட்ரோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்தார், பட்டறியின் இணைப்பை நீக்கினார். கதவு இடைவெளிகளில் சதுரக் குழாய்களைக் குறுக்காக வெல்ட் செய்து, மூலைவிட்டங்களை அளந்து சுவரில் எழுதிவைத்தார். கார் சமதளத்தில் தன் சக்கரங்களின் மேல் நிற்கும் நிலையிலேயே அளந்தார். இரண்டு பக்கச் சில் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் வெல்ட் செய்தால் அந்தக் கதவு ஒருநாளும் ஒழுங்காக மூடாது. ஆகவே ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம்.

குறுக்குச் சட்டத்தைத் தொடுவதற்கு முன் முன்பக்க டோர்சன் பார்களின் முறுக்கை அவர் தளர்த்தியதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவற்றின் பின்முனை அந்தச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. காரின் முன்பாரத்தைத் தாங்கி முறுகியிருக்கும் கம்பி அது. சட்டத்தை அப்படியே வெட்டினால் கை போகும். தயவுசெய்து, அவசரம் என்று யார் சொன்னாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிரகாசமான இரும்பு தெரியும் வரை வெட்டினார். நான் கண்ணை மூடிக்கொள்ளும் அளவுக்கு வெட்டினார். ஸ்பொட் வெல்ட் புள்ளிகளைத் துளைத்துப் பழையதைப் பிரித்து, புதிய தகட்டில் துளையிட்டு, அந்தத் துளைகளின் வழியே மிக் வெல்டிங் செய்து, பழைய புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தனவோ அவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கவைத்தார். பித்தளை ஒட்டியிருந்த விளிம்புகளை முழுவதும் வெட்டி எறிந்தார். பித்தளை கலந்த இடத்தில் வெல்ட் ஒழுங்காகப் பிடிக்காது. ஆயத்தப் பகுதி கிடைக்காத இடங்களுக்கு அட்டையில் அச்சு வெட்டி, 1.2 மில்லிமீற்றர் தகட்டை மடித்து அவரே செய்தார். கல்வனைஸ் தகடு என்றால் வெல்ட் செய்யும் விளிம்பில் நாகப் பூச்சைத் தேய்த்து நீக்கிய பிறகே நெருப்பு வைத்தார். அந்தப் புகையைச் சுவாசித்து இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த கராஜ் பையன்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

இந்த வேலை நம் நாட்டுக்கு எட்டாதது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், புதிய பொடிப் பகுதிகள் வேண்டுமென்று தேடி வந்த இடம் இலங்கை. இங்கே நம்மவர்கள் அடித்துச் செய்த பகுதிகள் கப்பலேறி, அந்தக் கார் பிறந்த மண்ணிலேயே ஓடும் கார்களில் பொருத்தப்பட்டன. அத்தகைய கைகள் உள்ள நாட்டில் பீப்பாய்த் தகரத்தை ஒட்டி அனுப்புவது எனக்கு மனவேதனையாக இருக்கிறது.

தவறு உங்களுடையது மட்டுமல்ல. கார் உரிமையாளர்களான நாங்கள் கராஜுக்கு வந்ததும் கேட்பது இரண்டே கேள்விகள்: எவ்வளவு முடியும், எப்போது முடியும். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று நானும் நெருக்கியிருக்கிறேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறியது. விற்பதற்காகப் பளபளப்பாக்கச் சொன்னவர்கள் பலர். உள்ளே இருக்கும் இரும்புக்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். வெட்டிப் பார்த்துவிட்டு உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் கையில் அந்தச் செந்தூளைக் கொடுங்கள். பணம் இல்லை என்றால் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒரு பக்கச் சில் பெட்டியை இந்த ஆண்டும் மறுபக்கத்தை அடுத்த ஆண்டும் செய்யலாம், அதுவரை காரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே தகரம் வைத்து மூடிக் கொடுங்கள் என்று கெஞ்சினால் மறுத்துவிடுங்கள். காருக்குள் பிள்ளைகள் உட்காருவார்கள். மறுத்ததற்காக ஒரு வாடிக்கையாளரை நீங்கள் இழந்தால், அவரோடு நான் பேசத் தயாராக இருக்கிறேன்.

என் காரின் இடப்பக்கச் சில் பெட்டி இன்னும் மூடப்படவில்லை. உள்தகடும் ஹெங்கரும் பொருத்தி முடிந்துவிட்டன. வெளித்தகட்டை மாதக் கடைசி ஞாயிறன்றுதான் வைத்து மூடுகிறோம். மூடிய பிறகு துருப் பிடிக்காதிருக்க உள்ளே மெழுகு அடித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு முன் வாருங்கள். உங்களிடம் தொழில் பழகும் பையன்களையும் கூட்டி வாருங்கள். வெட்டி எடுத்த மூன்று தகரங்களையும் கொட்டகை வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறேன். தேநீர் தயாராக இருக்கும்.

தலவாக்கலையிலிருந்து,
ஒரு மொரிஸ் மைனர் உரிமையாளர்