நடுப்படம் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், பிறவியிலேயே காது மடல் வளராத பிள்ளைகளுக்குப் புதுக் காது அமைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். ஆபரேஷனுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். நடுவில் உள்ள மூன்று மாதத்துக்குப் படமே இல்லை. பத்து வயதில் என் மகன் பட்ட பாடெல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான்.

நான் தையல்காரன். மருத்துவர் விளக்கியதும் எனக்குப் பிடிபட்டது. விலாவின் குருத்தெலும்பைச் செதுக்கிக் காது செய்துவிடலாம். மேலே போர்த்தத்தான் தோல் பத்தாது. பத்தாத துணியை இழுத்துத் தைத்தால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? அதனால் காது வரவேண்டிய இடத்தில், தோலுக்கடியில், ஒரு சிலிகான் பையை வைத்தார்கள். வாரம் இரண்டு முறை ஊசி வழியாக அதற்குள் 4, 5 மில்லி உப்புநீர்; பை வீங்க வீங்க மேலே உள்ள தோலும் விரியும். ஏழு வாரத்தில் 60 மில்லி. அப்புறம் ஒரு மாதம் அப்படியே விட்டார்கள். (1957லேயே நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர் தோலுக்கடியில் பலூன் வைத்து விரித்ததும் காது அமைக்கத்தானாம்.)

பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குப் பளபளவென்று வீங்கி நிற்கும். ஒருக்களித்து ஒரே பக்கம்தான் தூக்கம். ஒருநாள் தோல் வெளுத்துப்போய், ஏற்றிய நீரில் கொஞ்சம் திரும்ப எடுத்தார்கள். பஸ்ஸில் ஒரு பாட்டி, "கிரகணத்துல வெளிய வந்தியாம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பள்ளியில், "மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், வீக்கம் வற்றியதும் அனுப்புங்கள்" என்றார்கள். தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் அன்று நல்ல காதின் மேல் ஃபிலிம் வைத்து வரைந்து, திருப்பிப் போட்டு அளவு வெட்டினார்களாம், நான் காலர் வெட்டுகிற மாதிரியே. காதைவிட, குருத்தெலும்பு எடுத்த நெஞ்சுதான் வலித்தது அவனுக்கு. இன்னொன்று: இந்தக் காது கேட்பதற்கு இல்லை. உள்ளே துவாரம் அடைப்புதான். அதற்கு எலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவியைச் சின்ன வயதிலிருந்தே தலைப்பட்டையில் மாட்டியிருக்கிறான். உங்கள் கட்டுரையில் இது இல்லை.

அடுத்த முறை எழுதும்போது பை வீங்கிய படத்தையும் போடுங்கள். ஆசிரியர்களும் பத்திரிகை படிக்கிறார்கள். படம் எங்களிடம் இருக்கிறது. மகனிடம் கேட்டேன், "போடட்டும்ப்பா, ஆனா சிரிக்கிற ஃபோட்டோவா குடு" என்கிறான்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர், ஈரோடு