சிறிய விமானம், நெய்வேலிக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஆண்டு அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு டோர்னியர் 228 விமானத்தில் சென்றேன். கான்பூரில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் தயாரித்தது, 17 இருக்கைகள்தாம். 2022 ஏப்ரலில் இச்சேவை தொடங்கியது. நடைபாதைக்கு இருபுறமும் ஒற்றை இருக்கை என்பதால் எல்லோருக்கும் ஜன்னல் உண்டு. இறக்கை கூரையோடு மேலே இருப்பதால் பார்வையை மறைப்பதில்லை. பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இரைச்சல் அதிகம், கழிப்பறை கிடையாது. குறுகிய பயணத்துக்கு அவை பெரிய குறைகள் அல்ல.

இத்தகைய விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை தேவையில்லை என்பதே முக்கியம். 1980களில் அரசின் வாயுதூத் விமான நிறுவனம் டோர்னியர்களைக் கொண்டு சிற்றூர்களை இணைத்தது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் நெய்வேலி, வேலூர் பெயர்கள் இடம்பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரிய விமானங்களுக்காகக் காத்திராமல், சிறிய விமானங்களையாவது அங்கே இயக்க வேண்டும். வேலூர் மருத்துவமனைகளுக்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகள் சென்னையில் இறங்கி, மீண்டும் சாலையில் அலைக்கழிகிறார்கள். மாநில அரசு இதை மத்திய அரசிடம் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வேலூர்.