அது சாக்கடை இல்லை, கண்ணா

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் மாமாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டு இந்த வாரம் போயிற்று. "அந்தச் சாக்கடை ஓரமா எதுக்கும்மா நடக்கிறே, ஏதாவது தொத்திக்கப் போகுது" என்றாய். அக்கறையில் சொன்னதுதான், தெரியும். ஆனாலும் சாக்கடை என்ற அந்தச் சொல்லை என்னால் அப்படியே விட முடியவில்லை. போனில் எனக்கு இவ்வளவையும் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் விடிவதற்கு முன்பே கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் ஓரமாகத் துண்டு துண்டாக நடந்துகொண்டிருக்கிறோம். கூவத்தில் ஆரம்பித்து மயிலாப்பூர் வழியாக அடையாறு வரை இரண்டு காலைகள். அப்புறம் திருவான்மியூரிலிருந்து தெற்கே. போன வாரம் முட்டுக்காடு, கோவளம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறோம். என் முழங்கால் நன்றாகவே ஒத்துழைக்கிறது, கவலைப்படாதே.

இதெல்லாம் ஆரம்பித்தது தாத்தாவால். தாத்தா மயிலாப்பூரில் கால்வாய்க் கரையில் ஒரு விறகுத் தொட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த விறகு எப்படி வந்தது என்று சொன்னதில்லை. படகில் வந்தது. தெற்கே கடலோரத் தோப்புகளிலிருந்து சவுக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு, அடி தட்டையான நீளப் படகுகள் வரும். காற்று வாக்காக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அதுவும் போதாவிட்டால் ஒருவர் கரையில் இறங்கி, கயிற்றை மார்பில் குறுக்கே போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார். எனக்கு ஏழு வயதிருக்கும். மணங்கு போய்க் கிலோ வந்த புதிது. தாத்தா தராசுப் பக்கத்தில் நிற்பார், நான் படகிலிருந்து இறக்கிப்போட்ட கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பேன். ஈரச் சவுக்குப் பட்டையின் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. தண்ணீர் உப்பு. அதில் குளிக்க மாட்டோம், ஆனால் காலை நனைப்போம். 1965, 66-இல் அடித்த புயல்களுக்குப் பிறகு படகுகள் குறைந்துபோயின. அப்புறம் நான் பார்க்கவேயில்லை.

லீட்ஸில் நீ காலையில் ஓடுகிற கால்வாய்க் கரையின் படங்களை அனுப்புகிறாயே, அவ்வளவு அழகு. செங்கல் பாலம், வரிசையாகப் படகுகள், வாத்துகள். மாமா தேடிப் பார்த்துச் சொன்னார், லீட்ஸிலிருந்து லிவர்பூல் வரை அது முழுதாகத் திறந்தது 1816-இல் என்று. நம்முடையது அதே வயதுதான் கண்ணா. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதல் பகுதியை வெட்டியது 1806 வாக்கில். பிறகு வடக்கே பழவேற்காடு தாண்டி ஆந்திராவில் பெத்த கஞ்சாம் வரை, தெற்கே மரக்காணம் வரை என்று நீண்டு, 420 கிலோமீட்டர் ஆயிற்று. அதில் 163 கிலோமீட்டர் நம் பக்கம். உப்பு, அரிசி, விறகு, சிப்பிச் சுண்ணாம்பு எல்லாம் இதில்தான் பட்டணத்துக்கு வந்தன. உன் ஊர்க் கால்வாயை அங்கே காப்பாற்றிக்கொண்டார்கள், நாம் இதை விட்டுவிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது நடுவில் இருக்கும் எட்டு கிலோமீட்டரைப் பற்றி. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி என்று நீ பிறந்து வளர்ந்த இடமெல்லாம் அதன் கரைதான். அது ரொம்ப நாள் வெட்டப்படாமலே கிடந்தது. 1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். பிழைத்தவர்கள் ஊரை விட்டுவிட்டுப் பட்டணத்தைப் பார்த்து நடந்து வந்தார்கள். தெம்பு இருக்கிறவன் வேலை செய்துதான் கூலி வாங்க வேண்டும் என்பது அன்றைய சர்க்காரின் முடிவு. அப்படி வந்தவர்களை வைத்து 1877, 78-இல் வெட்டியதுதான் இந்த எட்டு கிலோமீட்டர். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரை மொத்தக் கால்வாய்க்கும் வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கரையிலும் இல்லை.

கூலி எவ்வளவு என்று படித்தேன். 1877 தொடக்கத்தில் பஞ்ச வேலைகளுக்கான கூலியை வெட்டிக் குறைத்தார்கள். ஆண் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும், அதற்கு மேல் ஓர் அணாவும். எதிர்ப்பு வந்த பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள். படித்ததும் எழுந்து சமையலறைக்குப் போனேன். தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அரிசியை அளந்தேன். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். நம் ஆழாக்கில் மூன்று, தலை தட்டி. கிண்ணத்தில் பாதிக்கு மேல் கொஞ்சம் வந்தது. மாமா பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்குத் தாராளமாச்சே" என்றார். வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தாராளம்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மண்வெட்டி பிடித்து, வெட்டிய மண்ணைக் கூடையில் தலைக்கு ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறவனுக்கு? ஏற்கெனவே மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, எலும்பும் தோலுமாக வந்தவனுக்கு? அந்தக் கிண்ணத்தை அப்படியே மேடையில் வைத்துவிட்டேன். ராத்திரி வரைக்கும் அதை எடுத்து டப்பாவில் கொட்ட மனம் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்தபோது எனக்கு அந்தத் தண்ணீரின் நாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. கரையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கரை என்று சொன்னாலும் பாதி இடத்தில் கரையே கிடையாது. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. ஸ்டேஷன்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. நாலு வருஷம் திருமயிலையில் ஏறித் தரமணிக்குக் காலேஜ் போனாயே, பாதி தூரம் இந்தக் கால்வாயின் மேலேதான் போனாய். ரயில் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், எத்தனையோ பேருக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் 1995-இல் சேப்பாக்கம் வரை, 97-இல் மயிலை வரை என்று அது வந்தபோது, நகரத்துக்குள் இனி ஒருநாளும் படகு போகாது என்பது முடிவாகிவிட்டது. 2008-இல் இதைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். பிறகு அந்தத் தூண்களை நினைத்துக்கொண்டேன்.

திருவல்லிக்கேணிப் பக்கம் லாக் நகர் என்று ஓர் இடம். இத்தனை வருஷம் அந்தப் பெயரைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. கால்வாய் ஆற்றைக் குறுக்கே தாண்டுகிற இடங்களில் இரண்டு பக்கமும் கதவு வைத்திருப்பார்கள். ஆற்றில் வெள்ளமோ கடல் ஏற்றமோ வந்தால் கால்வாயின் தண்ணீர் மட்டம் கெடாமல் இருக்க. அதுதான் லாக். ஆந்திராவில் இன்றைக்கும் 'லாக்குலு' என்றுதான் சொல்கிறார்கள். கதவு போய்விட்டது, பெயர் மட்டும் அங்கே குடியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது சீரமைப்பு வேலை நடக்கிறது. தண்ணீரில் மிதந்துகொண்டே தோண்டுகிற பொக்லைன் ஒன்று மயிலாப்பூர்ப் பக்கம் ஆகாயத்தாமரையை வாரிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு மணி நேரம் நின்று பார்த்தோம். முதலில் பச்சை. அதற்கடியில் தார் மாதிரிக் கறுப்புச் சேறு, பிளாஸ்டிக், ஒரு குழந்தைச் செருப்பு. அதே இடத்தில் இன்னும் ஆழமாக இறக்கியபோது வாளியின் பல்லில் வெளிறின மணல் வந்தது, அதில் சின்னச் சின்னச் சிப்பிகள். ஓட்டுகிற பையன் இறங்கி வந்து டீ குடித்தான். "எத்தனை தடவ வாரினாலும் ரெண்டு மாசத்துல மூடிடும்மா. பைப்பை அடைச்சாத்தான் ஆகும்" என்றான். அவன் சொன்னது சரி. இரண்டு கரையிலும் கழிவுநீர்க் குழாய்களின் வாய்களை எண்ண ஆரம்பித்தேன், மந்தைவெளி வருவதற்குள் கணக்கு விட்டுப்போயிற்று.

இன்னொன்றும் கவனி. ஆகாயத்தாமரை உப்புத் தண்ணீரில் வளராது. கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கால்வாயில் அது பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது என்றால், கடல் உள்ளே வருவதில்லை என்று அர்த்தம். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்கிறது. குழாய்களை அடைக்க வேண்டும், முகத்துவாரங்களைத் திறந்து வைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் கரைக்கு வேலி போட்டுப் பூச்செடி வைப்பதை நான் சீரமைப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரையில் இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு இட்லி வாங்கிய இடத்தில் ஓர் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் இரண்டு வீட்டில் சமையல். கால்வாய் ஓரத்தில்தான் பிறந்தாராம். வீட்டை இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்கள். விடிகாலையில் பஸ் பிடித்து இங்கே வந்து வேலை செய்துவிட்டுப் போகிறார். "நாங்க போயிட்டோம், தண்ணி சுத்தமாயிடுச்சா பாருங்க" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி இருப்பவை. அந்தச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக எங்கே போய் விழுகிறது தெரியுமா? இதே கால்வாயில்தான். தென் சென்னையின் மழை வெள்ளம் கோவளத்தில் கடலைச் சேர இதுதான் வழி. ஒரு கரையிலிருந்து எடுத்து, அதே தண்ணீர் தேங்கும் இன்னோர் இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பஞ்சத்தில் வெட்டியவர்களும் ஏழைகள், கரையை விட்டுக் கிளப்பப்பட்டவர்களும் ஏழைகள். இதை நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

சரி, முட்டுக்காட்டைச் சொல்கிறேன். அங்கே போனதும் மாமா, "அக்கா, இது நம்ம கால்வாய்தானா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவு அகலம். கடல் வாய் திறந்திருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, இறங்குகிறது. ஆகாயத்தாமரை ஒரு இலை இல்லை. மடவை மீன் துள்ளி விழுகிற சத்தம் கேட்டது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடியில் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கை மட்டும்தான், வலை கிடையாது. கை ஒரு இடத்தில் நிற்கும், தலை லேசாகச் சாயும், விரல்கள் மூடிக்கொண்டு மேலே வரும், உள்ளே ஓர் இறால் துடிக்கும். அப்படியே பறியில் போட்டுவிட்டு மறுபடி தடவல். ஒரு கொக்கு அவர்களுக்கு இரண்டு முழம் தள்ளி, பயமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் காலை நனைத்தேன். ஒரு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. மயிலாப்பூரில் எனக்கு ஏழு வயதில் இருந்த அதே உப்பு. அறுபது வருஷம் ஆயிற்று.

மாமாவிடம் சொன்னேன், இது செத்துப்போகவில்லை, நடுவில் நாம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று. 2004 சுனாமியில் கரை ஏறி வந்த கடல் தண்ணீரில் ஒரு பங்கை வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டதும் இதே கால்வாய்தான்.

மகாபலிபுரம், சதுரங்கப்பட்டினம் இரண்டும் அடுத்த மாதம். பாலாற்றைத் தாண்டி மரக்காணம் போகும் கடைசிப் பகுதியை மட்டும் உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ லீவில் வரும்போது மூன்று பேருமாகப் போகலாம். உப்பளங்களுக்கு நடுவே போகிற வழி, நிழல் கிடையாது. தொப்பி கொண்டுவா, சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு பழைய செருப்பும். பொக்லைன் வாரிப்போட்ட மணலிலிருந்து நான் எடுத்த சிப்பி உன் மேஜை டிராயரில் இருக்கிறது. கழுவிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா