அப்பா ஏன் வெளியே போவதில்லை

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு ஹார்ட் பெயிலியர், அதாவது இதயத்தின் பம்பிங் குறைந்துவிட்டது என்று தெரிந்ததிலிருந்து எடை, கால் வீக்கம், மாத்திரை என்று நீ தினமும் கேட்பதெல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. தண்ணீர்கூட டாக்டர் சொன்ன ஒன்றரை லிட்டர்தான். ஆனால் மனுஷன் வாசலைத் தாண்டுவதில்லை. அது இதயத்துக்கு எடுக்கிற எந்த எக்கோ ஸ்கேனிலும் தெரியாது.

காரணத்தை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நீர் மாத்திரை போட்டால் சில மணி நேரத்துக்கு பாத்ரூமை விட்டு நகர முடியாது, அப்புறம் பஸ்ஸில் எங்கே போவது? போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அப்பளம், ஊறுகாய், சாம்பார் எல்லாவற்றையும் உப்புக்குப் பயந்து ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்து இலைக்காரர், "என்ன சார், சுகரா?" என்றார். "இல்லை, ஹார்ட் பெயிலியர்" என்று இவர் சொன்னதும், துக்கம் விசாரிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து விசேஷம் எதுவானாலும் மொய்க் கவரை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்புகிறார். இருட்டினதும், "பிள்ளைக்குப் பாரமாகிவிட்டேன்" என்ற பேச்சு வேறு.

டாக்டரிடம் நானாகத்தான் இதை எடுத்தேன், அங்கே யாரும் கேட்கவில்லை. இந்த நோய்க்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்குமாம். அசதி, தூக்கமின்மை, பசியின்மை இரண்டுக்கும் பொது என்பதால் பழி முழுக்க இதயத்தின் மேல் விழுந்துவிடுகிறது. மனசு விட்டுப்போனால் மாத்திரை தவறும், உப்புக் கணக்கு தவறும். ஓயாத கவலையில் நாடி வேகமாகி, ஏற்கெனவே பம்பிங் குறைந்த இதயத்துக்கு இன்னும் வேலை கூடும். திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் அதிகமாம். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ, முதலில் நடையும் நாலு பேர் பேச்சும் வேண்டும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றார். வெளியே போகிற நாளில் நீர் மாத்திரையைத் திரும்பி வந்து போட்டுக்கொள்ளவும் அனுமதித்தார். நேற்று லைப்ரரி வரை போய் வந்தார். வழியில் யாரோடோ அரசியல் சண்டையாம், முகத்தில் பழைய களை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மக்கர் பண்ணுகிறது என்றாயே, மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீடியோவில் அப்பாவிடம் காட்டு. முப்பது வருஷம் மின்வாரியத்தில் இருந்தவர், ஒரு மணி நேரம் உன்னை விடமாட்டார். எடையை நான் தனியாக வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா