தானாகத் திறக்கும் டிஸ்க்: சாவி எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகங்கள், ரத்தப் பரிசோதனை நிலையங்கள் போன்ற சிறு இடங்களுக்கு லினக்ஸ் சர்வர் அமைத்துத் தருவது என் தொழில். ஊராரின் பான் எண், வங்கிக் கணக்கு, சர்க்கரை அளவு எல்லாம் மேசைக்கடியில் தூசி படிந்த ஒரு பெட்டியில்தான் கிடக்கின்றன. அதிலுள்ள ஹார்டு டிஸ்க்கைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். வேறு கணினியில் மாட்டிவிட்டால் லாகின் பாஸ்வேர்டு ஒன்றையும் தடுக்காது. டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்துவிடலாம், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிடலாம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "ராத்திரி கரண்ட் போய் வந்தா பாஸ்வேர்டு அடிக்க யாருங்க வருவாங்க?"

நியாயமான கேள்வி. லினக்ஸில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் லக்ஸ் (LUKS) முறையில் பூட்டிய டிஸ்க், பூட் ஆகும் தொடக்கத்திலேயே பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும். காலையில் ஆள் வரும்வரை சர்வர் இல்லை.

என் கவலை, இந்தக் கேள்விக்கு இங்கே சிலர் தரும் விடை பற்றியது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக டிஸ்க்கைத் திறக்கும் ஒரு சாவிக் கோப்பை உருவாக்கி, அதே டிஸ்க்கில் என்கிரிப்ட் செய்யாத பூட் பகுதியிலேயே போட்டு, எந்த டிஸ்க்கை எந்தச் சாவியால் திறப்பது என்று சொல்லும் கிரிப்ட்டேப் (crypttab) கோப்பில் அதன் இடத்தை எழுதிவிடுகிறார்கள். சர்வர் தானாக எழுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தாழ்ப்பாளிலேயே தொங்கவிட்ட கதைதான் இது. டிஸ்க்கைக் கழற்றுபவன் சாவியையும் சேர்த்தே எடுத்துப்போகிறான். அண்மையில் நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் இந்த வேலைக்கு 'டேட்டா பாதுகாப்பு' என்று பில்லில் தனிக் கட்டணமே போட்டிருந்தார்கள்!

சரியான வழிகள் இருக்கின்றன. இயங்குதளம் உள்ள டிஸ்க்கைத் திறக்கும் சாவி அந்த டிஸ்க்கில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இரண்டாவது டேட்டா டிஸ்க் வேறு கதை: அதன் சாவிக் கோப்பை, ஏற்கெனவே பூட்டப்பட்ட முதல் டிஸ்க்குக்குள் ரூட் எனும் நிர்வாகிக் கணக்கு மட்டுமே படிக்கும்படி வைக்கலாம். முதலாவது திறந்தால் இரண்டாவதும் திறக்கும். கிரிப்ட்டேப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி (sda, sdb) என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு இடும் பெயர்களை எழுதாமல், டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி (UUID) எழுதுவது நல்லது. அந்தப் பெயர்கள் அடுத்த முறை பூட் ஆகும்போது மாறிவிடக்கூடும். பேக்கப் டிஸ்க் என்றால், அது இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று சொல்லும் 'நோஃபெயில்' (nofail) சேர்க்க வேண்டும். கிரிப்ட்டேப், டிஸ்க்குகளை இணைக்கும் பட்டியலான எஃப்எஸ்டேப் (fstab) இரண்டு கோப்புகளிலும். இல்லாவிட்டால் யாராவது அந்த டிஸ்க்கைப் பிடுங்கிய அன்று சர்வர் ஒன்றரை நிமிடம் காத்திருந்து வழக்கம்போல் எழாமல், பழுதுபார்க்க மட்டுமான எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும்.

முதல் டிஸ்க்குக்கு இன்று கைவசம் இருப்பது, மதர்போர்டிலேயே சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் (TPM) சில்லு. விண்டோஸ் 11 அதைக் கட்டாயமாக்கியதால் சமீப ஆண்டுகளில் வாங்கிய கணினிகளில் அநேகமாக இருக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி (systemd) மென்பொருளின், 2021இல் வந்த 248ஆம் பதிப்பிலிருந்து, லக்ஸ் சாவியை அந்தச் சில்லோடு பிணைக்க முடிகிறது. டெபியன் லினக்ஸில் நான் கிளெவிஸ் (Clevis) என்ற மென்பொருளை நிறுவி அதே வேலையைச் செய்கிறேன். அதே மதர்போர்டில் இருக்கும்வரை டிஸ்க் தானாகத் திறக்கும், வேறு பெட்டியில் மாட்டினால் பாஸ்வேர்டு கேட்கும். பெட்டியோடு தூக்கிப்போனால் லாகின் திரைவரை வந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பயம் உள்ளவர்கள் பின் எண்ணும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை அடிக்க ஆள் வேண்டும்.

மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை (BIOS) அப்டேட் செய்த பிறகு சில்லு சில சமயம் முரண்டு பிடிக்கும். அதற்காகப் பழைய பாஸ்வேர்டை நீக்காமல், காகிதத்தில் எழுதி உரிமையாளரின் பீரோவில் வைக்கச் சொல்கிறேன். சாவித் தகவல்கள் இருக்கும் லக்ஸ் தலைப்பகுதியின் (ஹெடர்) நகலும் வேறொரு பென் டிரைவில் இருக்கட்டும். அந்தப் பகுதி கெட்டுவிட்டால், பாஸ்வேர்டு நினைவிருந்தும் டேட்டா திரும்பாது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சின்ன ஆய்வகத்துக்கு அவ்வளவு போடமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் நோயாளியின் ரிப்போர்ட் பழைய இரும்புக் கடைக்குப் போகலாமா?

வாசகர்களில் இப்படி அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வீஸ் ஆள் வேலை முடிந்தது என்றதும், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டே கேட்காமல் லாகின் திரை வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் செய்யும் வாசகர்,
ஈரோடு.